சட்டியைத் திருப்பி வைத்த கை

சென்ற நோன்பின் ஒன்பதாவது இரவு ஸஹருக்கு எழும்பியபோது எங்கள் வீட்டில் சோறு இருக்கவில்லை. அரிசி இருந்தது. தண்ணீரில் ஊறி, இளஞ்சூட்டில், மல்டி குக்கரின் சட்டிக்குள் அப்படியே கிடந்தது. குக்கரின் முகப்பில் 'ஈ 1' என்று ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தன.

சுபஹ் பாங்குக்கு ஐம்பது நிமிடம்கூட இல்லை. உம்மா பாணை வெட்டினார். வாப்பா வாழைப்பழச் சீப்பை எடுத்து வந்தார். தம்பி தூக்கக் கலக்கத்தில் "சோறு எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த இரவு சட்டியை வைத்தது நான்தான். அரிசியைக் கழுவினேன், தண்ணீரை அளந்தேன், நேரத்தையும் சரியாகத்தான் வைத்தேன். என் மீது பிழை இல்லை என்பதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் மேசையின் அந்தப் பக்கம், கதிரையில் தஸ்பீஹ் மணியுடன் உட்கார்ந்திருந்தது.

"உம்மும்மாதான் ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டியத் திருகுற. திருகித் திருகித்தான் உள்ளுக்கு ஏதோ ஒடஞ்சிட்டு."

உம்மும்மா எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த தஸ்பீஹ் மட்டும் நின்றது.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் குக்கர் அல்ல, அந்த வசனம்தான்.

எங்கள் வீடு அக்குறணையில் இருக்கிறது. குக்கர் வீட்டுக்கு வந்தது 2022ஆம் ஆண்டு. கேஸ் சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் வந்தது. "கேஸ் வாற நாள்ல அடுப்பு, கரண்ட் வாற நேரத்துல குக்கர்" என்று சொல்லி வாப்பா இதை வாங்கி வந்தார். வரிசைகள் மறைந்த பிறகும் குக்கர் குசினியில் நிலைத்துவிட்டது. அதன் நேரக் கருவிதான் முக்கிய காரணம். இரவில் அரிசியைப் போட்டு வைத்தால் மூன்றரை மணிக்குச் சோறு தயாராக இருக்கும்.

உம்மும்மாவுக்கு இப்போது நோன்பு பிடிக்க முடியாது. நீரிழிவும் அதற்கான மருந்துகளும் இடம் கொடுப்பதில்லை. அவருக்காக ஃபித்யா கொடுக்கிறோம். ஆனாலும் அவர் ஒவ்வொரு ஸஹருக்கும் எழும்புவார். தராவீஹ் முடிந்த பின் அடுத்த நாள் ஸஹருக்கான சட்டியை வைப்பதும் அவர்தான். "நான் பிடிக்காட்டியும் பிடிக்கிறவங்களுக்கு ஆக்கி வெக்கிறதும் நன்மதானே" என்பார். அதுதான் அவருடைய நோன்பு. அந்த ஒன்பதாவது இரவு அவருக்குத் தலைச்சுற்று என்பதால்தான் நான் வைத்தேன்.

என் வசனத்துக்குப் பிறகு அவர் குசினிக்கு வருவதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. தராவீஹ் முடிந்ததும் நேரே அறைக்குப் போய்விடுவார். உம்மா கூப்பிட்டபோது, "எனக்கு அந்த மெஷின் வெளங்குறல்ல மகள், புள்ளையள் வெக்கட்டும்" என்றார். நாங்கள் வைத்தோம். பத்தாம் இரவும் ஈ 1. பதினோராம் இரவும் ஈ 1. பன்னிரண்டாம் இரவிலிருந்து உம்மா மூன்று மணிக்கே எழும்பிக் கேஸ் அடுப்பில் சோறாக்கத் தொடங்கினார். அவர் கையை எடுத்த பிறகுதான் பழுது முற்றியது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒரு விஞ்ஞானப் பிரிவு மாணவி கவனித்திருக்க வேண்டும்.

கண்டி நகரில் ஒரு திருத்துமிடத்துக்கு வாப்பா தொலைபேசியில் விசாரித்தார். ஈ 1 என்றதுமே, "போர்டை முழுசா மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை புதிய குக்கரின் விலையில் பாதிக்கு மேல். பெருநாள் உடுப்புச் செலவு காத்திருக்கும் மாதத்தில் அது எங்களுக்குக் கட்டாது.

நோன்பு விடுமுறை என்பதால் நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் பௌதிகவியல் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதினேன். உம்மும்மாவைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதவில்லை. டீச்சரின் பதில் குரல் பதிவாக வந்தது: "பெரும்பாலான குக்கர்களில் இந்த மாதிரிக் குறியீடு வெப்பநிலை உணரியைப் பற்றியது. உங்கள் கையேட்டைப் பார்த்து உறுதி செய். போர்டு பழுது என்று சொல்வதற்கு முன் உணரியின் தடையை அள. முதலில் ப்ளக்கைக் கழற்று. வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதே."

கையேட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. மாமா வீட்டிலிருந்து மஞ்சள் நிற மல்டிமீற்றர் ஒன்று வந்தது. பதினைந்தாம் நோன்பு அன்று லுஹர் தொழுகைக்குப் பின், உம்மா பக்கத்தில் நிற்க, ப்ளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குக்கரின் அடித்தட்டைத் திறந்தேன்.

குக்கருக்குள் எட்டிப் பார்த்தால் சூடாக்கும் தட்டின் நடுவில், வில்லின் மேல் அமர்ந்த ஒரு சின்ன உலோகப் பொத்தான் தெரியும். சட்டியை வைத்ததும் அது கீழே அமுங்கி, சட்டியின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பொத்தானுக்குள் இருப்பது தெர்மிஸ்டர். பொத்தானின் அடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் போர்டுக்குப் போகின்றன.

உலோகக் கம்பியைச் சூடாக்கினால் அதன் தடை கூடும். இதை மீற்றர் பாலப் பரிசோதனையில் செய்திருக்கிறோம். தெர்மிஸ்டர் அதற்கு எதிர். அது குறைகடத்திப் பொருளால் ஆனது. சூடு ஏற ஏற மின்னைக் கடத்தும் ஏற்றங்கள் பெருகும், தடை விழும். இந்தத் தலைகீழ் நடத்தையை 1833இல் மைக்கல் பரடே வெள்ளி சல்பைட்டில் கண்டு எழுதினார். அவர் கண்டது இன்று நம் குசினியில் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறது.

அது எப்படிச் சொல்கிறது? சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. புத்தகத்தில் கொதிநிலை 100 பாகை செல்சியஸ். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது 98 பாகைக்குச் சற்று மேல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94க்கு அருகில். (உம்மும்மா கல்யாணம் முடித்த புதிதில் நுவரெலியாவில் இருந்தவர். "அங்க பருப்பு வேகவே வேகாது" என்று அவர் சொல்லும் பழைய கதை பௌதிகவியல்தான் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.) அரிசி தண்ணீரை எல்லாம் குடித்து முடித்ததும் சட்டியின் அடி சட்டென்று சூடேறும். அந்த ஏற்றத்தைத் தெர்மிஸ்டர் உணரும். போர்டு சூடாக்குவதை நிறுத்திவிட்டு, சோற்றைச் சூடாக வைத்திருக்கும் நிலைக்கு மாறும்.

அப்படியானால் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? தடை முடிவிலி. குளிர் கூடினால் தடை கூடும் என்பதால், போர்டுக்கு அது உறைபனியைவிடக் குளிரான ஒரு சட்டியைப் போலத் தெரியும். அதை நம்பி இன்னும் சூடாக்கு, இன்னும் சூடாக்கு என்று போனால் வீடே எரியலாம். அதனால்தான் தடை அந்த அளவுக்குப் போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஈ 1 காட்டும்படி அதை ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

போர்டிலிருந்து உணரியின் செருகியைக் கழற்றி, மல்டிமீற்றரின் இரு முனைகளையும் அதில் பிடித்தேன். 91 கிலோ ஓம். சுவர் வெப்பமானியில் அப்போது 27 பாகை. 25 பாகையில் 100 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர்கள் குக்கர்களில் பரவலாக உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார், கணக்கு ஒத்து வந்தது. விரலைப் பொத்தானில் வைத்தேன், எண் மெல்ல மெல்ல 70க்கு இறங்கியது. தம்பி, "ராத்தா, அதுக்கு உயிர் ஈக்கி!" என்று கத்தினான்.

அடுத்து ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டுப் பொத்தானின் மேல் தொட்டுப் பிடித்தேன். எண் 120, 150, 190 என்று ஏறி, திடீரென்று காணாமல் போனது. திரையின் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1. 'கண்டுபிடித்துவிட்டேன், உணரிதான் பழுது' என்று டீச்சருக்கு எழுதினேன். "எந்த அளவில் வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டு அனுப்பினார். 200 கிலோ ஓம் அளவில் வைத்திருந்தேன். தடை 200ஐத் தாண்டியதால் மீற்றர் அளக்க முடியாமல் 1 காட்டியது. 2000க்கு மாற்றியதும் 260 வந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு நொடியில் ஒரு நல்ல உணரியைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். அந்த வாரத்தில் இரண்டாவது தடவை.

கொதித்த தண்ணீர் ஊற்றிய சின்னக் கோப்பையைப் பொத்தானில் தொட்டுப் பிடித்தபோது எண் 11க்கு இறங்கியது. உணரியில் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஏன் ஈ 1? போர்டேதானா?

இந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். உம்மாதான் கேட்டார்: "சட்டி இல்லாமத்தானே பாத்த. சட்டி வெச்சாத்தானே அது பிழைக்குது?"

குக்கரின் இரு பக்கமும் இணைந்த கணித வினாத்தாள் தொகுப்புகளை அடுக்கி அதைத் தூக்கி நிறுத்தினோம். கம்பிகள் கீழே தொங்கின. தம்பி மீற்றர் முனைகளைச் செருகியில் பிடித்துக்கொண்டான். தண்ணீர் நிரப்பிய சட்டியை உள்ளே இறக்கினேன். திரையில் 1. அளவை 2000க்கு மாற்றினேன். அப்போதும் 1. சட்டியைத் தூக்கினேன், 91. வைத்தேன், 1. பொத்தான் அமுங்கும்போதெல்லாம் எங்கோ கம்பி பிரிகிறது.

அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்குள் ஓடியது. முதல் எட்டு இரவும் சோறு வெந்தது. அந்த எட்டு இரவும் சட்டியை வைத்தவர் யார்? ஒன்பதாம் இரவு வைத்தவர் யார்?

நான் எழும்பி உம்மும்மாவின் அறைக்குப் போனேன். குர்ஆனை மூடி ரைஹாலில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மும்மா, ஒருக்கா வந்து அந்தச் சட்டிய நீங்க வெக்கிற மாதிரி வெச்சுக் காட்டுறீங்களா?"

ஆறு நாட்களுக்குப் பிறகு அவர் குசினிக்குள் வந்தார். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சட்டியை மெதுவாக இறக்கினார். திரையில் 1. பிறகு சட்டியின் விளிம்பை இரு கையாலும் பிடித்து, குழந்தையின் தலையைத் தலையணையில் திருப்பி வைப்பதுபோல, கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம் திருப்பினார்.

91.

தம்பி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சும்மா வெச்சா அது உக்காராது மகள்," என்றார் உம்மும்மா. "கொஞ்சம் திருப்பி உட்டாத்தான் உக்காரும். கொஞ்ச நாளாவே அதுக்கு ஏதோ நோவு ஈக்கி. திருப்பாம வெச்சா அந்தச் செவப்பு எழுத்து வரும். நான் திருப்பினா போயிரும். அன்டக்கிச் செல்லுவோம்னு பாத்தேன்..."

வசனத்தை அவர் முடிக்கவில்லை. அன்று அவரைச் சொல்லவிடாமல் செய்தது யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய கை பழுதை உண்டாக்கவில்லை. பழுதாகிக்கொண்டிருந்த ஒன்றை அவருடைய கைதான் இத்தனை நாளும் ஓட வைத்திருந்தது. பொத்தானின் அடியில் கம்பி இணையும் இடத்தில், மூன்று வருடமாக ஏறி இறங்கி ஏறி இறங்கி, உள்ளே இருந்த செப்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருந்தன. மேலுறை முறியாததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சட்டி அமுக்கும்போது முறிந்த நுனிகள் விலகும். சட்டியைத் திருப்பும்போது பொத்தானும் ஒரு மயிரளவு திரும்பி, நுனிகள் மறுபடி தொடும். ஆனால் சில நேரம் சூடேறத் தொடங்கியதும் பிரிந்துவிடும். ஒன்பதாம் இரவு அரிசி இளஞ்சூட்டில் கிடந்ததன் காரணம் அதுதான்.

"திருப்பணும்னு உங்களுக்கு யார் செல்லித் தந்த?" என்று கேட்டேன்.

அறைக்குப் போய், அலுமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். நான் தேடிய கையேடு. இங்கிலீசில் இருந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு படம். சட்டி, அதன் மேல் இடமும் வலமும் வளைந்த இரண்டு அம்புக்குறிகள். சட்டியை வைத்தபின், அது தட்டில் சரியாக அமரும்படி மெதுவாக இரு பக்கமும் திருப்பவும் என்று கீழே எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஈ 1 என்பதற்கு நேரே, அடிப்பாக உணரியின் இணைப்புத் துண்டிப்பு என்று இருந்தது.

"எழுத்துத் தெரியாட்டியும் படம் வெளங்கும்தானே," என்றார்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நால்வர். அந்தக் கையேட்டைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று இஃப்தாருக்கு முன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நீளமாகப் பேசத் தயாராகப் போயிருந்தேன். "அந்த நேரத்துல பசி மகள், பசியில பேசுறதுக்கெல்லாம் கணக்கு வெக்கிறல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

அடுத்த நாள் உம்மாவும் நானும் குக்கரைப் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வயதான திருத்துநரிடம் போனோம். நான் எழுதிக் கொண்டுபோன அளவீடுகளை அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "யார் எடுத்த?" என்று கேட்டார். "மகள்" என்றார் உம்மா. அவர் போர்டைத் தொடவே இல்லை. கம்பியை மட்டும் மாற்றினார். நான் ஈயம் பற்றவைப்பார் என்று நினைத்தேன். சாதாரண ஈயம் 190 பாகைக்கு அருகிலேயே உருகிவிடும், சூடாக்கும் தட்டின் கீழ் அதை நம்ப முடியாது என்று சொல்லி, உலோகக் குழலை நசுக்கி இணைத்தார். சாதாரண பிளாஸ்டிக் உறைக் கம்பியையும் போடவில்லை, சூடு தாங்கும் கண்ணாடி நார் உறைக் கம்பியைப் போட்டார். அவர் வாங்கிய காசு ஒரு சோற்றுப் பார்சலின் விலை.

பிறகு ஒரு நாள் மின்சாரச் சோறு குக்கரின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். தானாக நின்றுவிடும் குக்கரை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளர். ஆனால் நாள் முழுதும் சோறாக்கி, வெப்பநிலையை அளந்து, குறித்து, குளிரில் வெளியே வைத்தும் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ மினாமி. அதில் தெர்மிஸ்டர் இல்லை. வெளிச்சட்டியில் ஊற்றிய தண்ணீர் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வற்றியதும் சூடு ஏறும், ஈருலோகத் தகடு வளைந்து மின்னைத் துண்டிக்கும். அந்தக் குக்கரைச் சோதித்தது ஒரு பெண், ஓர் அடுப்படியில் நின்று பார்த்துப் பார்த்து. அதை வாசித்தபோது எனக்கு உம்மும்மாவின் நினைவுதான் வந்தது. அவரும் எட்டு இரவு பரிசோதனை செய்து முடிவு எடுத்திருந்தார். அவரிடம் கொப்பி மட்டும்தான் இருக்கவில்லை.

உங்கள் வீட்டுக் குக்கரும் இப்படிக் காட்டினால், முதலில் ப்ளக்கைக் கழற்றி ஆறவிட்டு, நடுப் பொத்தானிலும் சட்டியின் அடியிலும் காய்ந்த சோற்றுப் பருக்கையோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பருக்கை போதும், பொத்தான் சட்டியைச் சரியாகத் தொடாமல், சூட்டைக் குறைவாக உணர்ந்து, சோறு அடிப்பிடிக்கும். ஈரத்தைத் துடையுங்கள். சட்டியை இடமும் வலமும் திருப்பி வையுங்கள். அதற்கு மேல் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் வெப்பப் பியூஸ் எரிந்திருந்தால் கம்பியால் இணைத்து ஓட்ட யாரையும் விடாதீர்கள், அது நம் உயிருக்கான காவல். எல்லாவற்றுக்கும் முன், அதை ஒவ்வொரு நாளும் கையாளுபவரிடம் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

கம்பி அறுந்தபோது அந்தக் குக்கர், தனக்குத் தெரியாத சூட்டைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு எரியவில்லை. நின்று, தெரியவில்லை என்று காட்டியது. எனக்கும் அன்றைய ஸஹரில் காரணம் தெரியாது. நான் மட்டும் நிற்கவில்லை.

பதினேழாம் இரவு தராவீஹ் முடிந்த பின் குசினியில் அரிசி கழுவும் சத்தம் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். உம்மும்மா சட்டியை இறக்கி, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் திருப்பினார். என்னைக் கண்டதும், "இனி நீ வெச்சாலும் சரிதானே?" என்று கேட்டார்.

"இல்ல உம்மும்மா," என்றேன். "நீங்க வெச்சாத்தான் உக்காரும்."